தமிழ்வழியில் படித்தவர்கள் எம்.ஏ. ஆங்கிலத்தில் சேரலாமா?

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும் என்பதே என் பதில். அவர்கள் மிகவும் அஞ்சுகிற மொழி வரலாறும், பேச்சொலிகளை ஆராயும் ஒலியியலுமே அவர்களுக்கு அதிகம் கைகொடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆங்கிலம் சரளமாகப் பேசும் கான்வென்ட் மாணவருக்கும் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஆங்கிலம் புரியாது. வகுப்பில் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும் பாடம் அது. 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதும், அரசவையில் பிரெஞ்சு அமர்ந்ததும், ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்களின் ஒலிப்பு படிப்படியாக மாறியதும் எல்லாருக்கும் புதிய செய்திகளே. இன்று 'நேம்' என்று ஒலிக்கும் சொல்லைச் சாசர் காலத்தவர் ஏறக்குறைய 'நாமெ' என்றே ஒலித்தனர். 1476-இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபோது இந்த மாற்றம் பாதி வழியில்தான் இருந்தது. அச்சேறிய எழுத்து மெல்ல நிலைபெற்றுவிட, ஒலி மட்டும் மேலே நகர்ந்துவிட்டது. ஸ்பெல்லிங் தவறியதற்காகப் பள்ளியில் பிரம்படி வாங்கியவர்களுக்கு இந்தப் பாடம் தரும் ஆறுதலை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

ஒலியியலுக்கு வந்தால், தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவர் பாதிக் கிணற்றை ஏற்கெனவே தாண்டியவர். இதழ் இரண்டும் இயைந்து பகரமும் மகரமும் பிறக்கும் என்றும், பல்லும் இதழும் இயைந்து வகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. ஆங்கிலப் பாடநூலில் மெய்யொலிகளை வகுக்கும் அட்டவணையும் இதே பிறப்பிடங்களைத்தான் முதலில் கேட்கிறது. 'பம்பரம்' என்பதில் இரண்டு பகரங்களும் இருவேறு விதமாக ஒலிப்பதை நாம் உணர்வதே இல்லை, ஏனென்றால் தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் 'பின்' (pin) என்னும் சொல்லின் முதலொலியைத் தொண்டை அதிர்வோடு ஒலித்தால் அது bin, அதாவது குப்பைத்தொட்டி ஆகிவிடும். பொருளை மாற்றும் ஒலியான ஒலியன், பொருளை மாற்றாத ஒலி வேறுபாடான மாற்றொலி பற்றிய விளக்கத்தைப் 'பம்பரம்' என்ற ஒரு சொல்லை வைத்தே என் வகுப்புத் தோழிக்குச் சொன்னேன். அவர் பிறகு அந்தத் தாளில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினார்.

இலக்கியத் தாள்களிலும் நம் ஊர் பயன்படாமல் போவதில்லை. சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் யாத்திரைக் கூட்டத்தில் ஒரு கப்பலோட்டி வருவார். நீரோட்டமும் ஓதமும் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) நிலவும் அவருக்கு அத்துப்படி. காட்லாந்து தொடங்கி ஃபினிஸ்டர் முனை வரை எல்லாத் துறைமுகங்களும் தெரியும். வணிகர் உறங்கும்போது அவருடைய ஒயினையும் திருடிக் குடிப்பார். மீனவர் வாழும் காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவர் இந்தப் பகுதியைப் பற்றி வகுப்பில் பேசியபோது, உரைநூல் எதிலும் இல்லாத தெளிவு அதில் இருந்தது. கடலில் ஓதம் பார்க்கத் தெரிந்தவர்களோடு வளர்ந்த ஒருவருக்கு, அந்த மனிதரின் திறமையும் கயமையும் ஒரே ஆளில் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பது தானாகவே விளங்கியது.

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு பருவங்களில் படிக்க வேண்டிய பக்கங்கள் ஏராளம். விக்டோரியா கால நாவல் ஒன்றை முழுமையாகப் படிக்க மெதுவாக வாசிப்பவருக்குப் பல வாரங்கள் ஆகும், அதற்குள் அடுத்த நூல் வந்து நிற்கும். அதனால்தான் கைடு வாங்கிக் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்யும் வழக்கம் வந்தது. அதைக்கொண்டு தேர்ச்சி பெறலாம், ஆனால் எம்.ஏ. முடித்தும் ஒரு நாவலைக்கூட முழுதாகப் படிக்காதவர்கள் உருவாவதும் அதனால்தான். என் யோசனை, சேருவதற்கு முந்தைய கோடையிலேயே இரண்டு மூன்று நாவல்களை முடித்துவிடுவது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் தடம் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அங்கேதான் இருக்கிறது. இலக்கியக் கோட்பாட்டுத் தாளை மட்டும் மொழியியலிலிருந்து பிரித்துத் தனியாகப் படிக்க முயல வேண்டாம். சுவிட்சர்லாந்து மொழியியலறிஞர் சசூரின் மொழியியலை முதலில் விளங்கிக்கொண்டு, அதன் பிறகு அதிலிருந்து வளர்ந்த அமைப்பியல் என்னும் கோட்பாட்டுக்குப் போனால் குழப்பம் பெருமளவு குறையும்.

வேலையைப் பற்றியும் கேட்கிறார்கள். பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) எழுத வேண்டும். நெட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 300 மதிப்பெண்ணுக்கு 150 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அவற்றில் 100 கேள்விகள் ஆங்கிலப் பாடத்திலிருந்து வரும். மீதி 50 கற்பித்தல் திறன், தருக்கம், எண்ணியல் பகுத்தாய்வு போன்றவை. இலக்கிய மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த ஐம்பதில்தான் என்பதால், அதை முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.