இரணைமடுவை ஒரே படத்தில் அடக்க ஒரு வருடம்

போன மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்றதும் கிளிநொச்சியில் பாதிச் சனம் குளக்கட்டில்தான் நின்றது. நாங்களும் போனோம். கட்டில் ஏறித் தெற்கே பார்த்தால் இடக்கைப் பக்கம் தொடங்கி வலக்கைப் பக்கம் வரை தண்ணீர். போனில் பனோரமாவை, அதாவது அகலப்படத்தைப் போட்டு மெதுவாக இழுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் எதிர்க்கரை பாம்பு மாதிரி நெளிகிறது. மாமாவின் மகன் படத்தின் இரண்டு அந்தத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஓடியிருக்கிறான்.

இது பழைய விளையாட்டு என்று பிறகுதான் தெரிந்தது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சேர்க்கட் என்று ஒரு கமரா இருந்தது. சாவி கொடுத்தால் தானே சுழன்று நீளப் பிலிமில் பதியும். பாடசாலைக் குழுப்படம் எடுக்கும்போது குழப்படிக்காரப் பொடியன்கள் ஒரு நுனியில் நின்றுவிட்டு, கமரா திரும்பி முடிப்பதற்குள் பின்பக்கத்தால் ஓடி மற்ற நுனியிலும் நிற்பார்களாம். நூறு வருடம் கழித்தும் அதே பொடியன்தான்.

அவனை மன்னிக்கலாம், நெளிந்த கரையை முடியவில்லை. மலைநாட்டில் எடுத்தால் அடிவானம் கொஞ்சம் சரிந்தாலும் மலையின் சரிவு அதை மறைத்துவிடும். வன்னியில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. குளம், வயல், களப்பு எல்லாமே தட்டை. நீர்க்கோடு அரைப் பாகை கோணினாலும் ஆறு அடி நீளப் படத்தில் அது அப்படியே தெரியும். இந்த ஒரு வருடத்தில் நான் செய்த எல்லாம் அந்தக் கோட்டோடு பட்ட மல்லுக்கட்டுத்தான்.

கமரா புதிதாக வாங்கவில்லை. என்னிடம் பழைய நிக்கோன் டி3300 இருந்தது, 24 மெகாபிக்சல், கூட வந்த 18-55 லென்ஸ். பனோரமாவுக்கு அதுவே மிச்சம். ஏழு படத்தை ஒட்டினால் விலை கூடிய பல கமராக்களின் ஒற்றைப் படத்தையும் தாண்டிவிடும். பெரிய சென்சர் உள்ள முழு பிரேம் கமரா வாங்கச் சொன்ன நண்பர்களின் பேச்சைக் கேட்காதது இந்த வருடத்தின் நல்ல முடிவுகளில் ஒன்று. ட்ரோன் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. அதைப் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

முதல் பாடம், கமராவை நிமிர்த்திப் பிடிப்பது. அகலப்படம்தானே என்று படுக்கையாகப் பிடித்தால் கிடைப்பது நாடா மாதிரி ஒரு கீற்று. நிமிர்த்திப் பிடித்தால் வானமும் வரும், காலடிப் புல்லும் வரும். அடுத்தது லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்வி. 18இல் மூலைகள் இருண்டு, ஒட்டும் இடங்களில் வானம் கோடு கோடாக வந்தது. ஓர் அண்ணையிடம் 35 இரவல் வாங்கிப் பார்த்தேன். நல்ல கூர்மை, ஆனால் நிமிர்த்திப் பிடித்தால் ஒரு படத்தில் அடங்குவது 25 பாகைதான். 180 பாகைக்குப் பத்துப் படம் வேண்டும். பத்தாவது எடுக்கும்போது முதல் படத்தில் இருந்த முகில் வேறிடம் போய்விடுகிறது. கடைசியில் 24இல் நின்றேன். ஒரு படத்துக்கு 36 பாகை, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய 24 பாகைக்கு ஒரு தடவை திருப்பினால் ஏழு படத்தில் 180 வந்துவிடும். சூம் வளையம் கைபட்டு நகராமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. அழகில்லை, ஆனால் அதற்குப் பிறகு நகரவே இல்லை.

மாசியில் வட்டுவாகலுக்குப் போனேன். முல்லைத்தீவுக்குப் போகிற வழியில் நந்திக்கடலைக் கடக்கும் அந்தத் தாழ்ந்த, ஒடுங்கிய பாலம். பாலத்தில் ட்ரைபொட் வைக்க முடியாது, வாகனம் விலகவே இடம் காணாது. கையில் பிடித்து எடுத்தேன். ஒட்டிப் பார்த்தபோது தூரத்துக் கரை சரியாகப் பொருந்தியது, பக்கத்தில் இருந்த பாலத்துக் கற்கள் மட்டும் இரண்டிரண்டாக உடைந்து நின்றன. மென்பொருள் பிழை என்று இரண்டு இரவு அதோடு மாரடித்தேன். பிழை என் உடம்பில். ஆள் திரும்பும்போது கமரா ஒரு வட்டத்தில் போகிறது. கிட்ட இருப்பது தூரத்தில் இருப்பதற்கு முன்னால் இடம் மாறிவிடுகிறது. ஒரு கண்ணை மூடி விரலைப் பார்த்துவிட்டு மற்றக் கண்ணால் பார்த்தால் விரல் நகருமே, அதேதான்.

கமரா சுழல வேண்டிய புள்ளி கமராவின் அடியில் உள்ள திருகுத் துளையில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. முன்னால் இருந்து பார்த்தால் ஒளி நுழையும் துவாரம் எந்த ஆழத்தில் இருப்பதாகத் தெரிகிறதோ, அந்த இடம். பலர் இதை நோடல் பொயின்ட் என்கிறார்கள். ஒளியியலில் அந்தப் பெயர் வேறொன்றுக்கு உரியது, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க வீட்டு வேலியே போதுமாக இருந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு கதியால், அதற்கு நேர் பின்னால் வயலுக்கு அப்பால் ஒரு பனை. இரண்டும் ஒரே கோட்டில் தெரிய வைத்து, கமராவை இடமும் வலமும் திருப்ப வேண்டும். பனை கதியாலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் கமராவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு. திரும்பவும் பார். எட்டிப் பார்க்காமல் ஒளிந்தே நின்றால் அதுதான் இடம். என் லென்ஸுக்கு 24இல் திருகுத் துளையிலிருந்து ஏறக்குறைய 7 சென்ரிமீட்டர் முன்னால். சூமை மாற்றினால் அந்த இடமும் மாறும், டேப் ஒட்டியதற்கு அது இன்னொரு காரணம்.

கமராவை 7 சென்ரிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வைக்க ஒரு தட்டு வேண்டும். கடையில் வாங்கினால் கமராவின் பாதி விலை. வெல்டிங் கடையில் ஒரு அலுமினியப் பட்டை வாங்கி, நடுவில் நீளத் துளை போட்டு, நிமிர்த்திப் பிடிக்க எல் வடிவில் ஒரு துண்டு சேர்த்துச் செய்வித்தேன். முதலாவது வளைந்தது. இரண்டாவது இன்னும் உழைக்கிறது. கீழே பாடசாலைப் பாகைமானியைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறேன், 24, 48, 72 என்று சிவப்புப் பேனாவால் கோடு.

ட்ரைபொட் வைக்க முடியாத இடத்துக்கு வேறு வழி. மேசன் வேலை செய்யும் சித்தப்பாவிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கினேன். லென்ஸில் அந்தப் புள்ளிக்கு நேராக நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நிலத்தில் ஒரு சோடா மூடி. குண்டு மூடிக்கு மேலேயே நிற்கும்படி நான் கமராவைச் சுற்றி நடக்க வேண்டும், கமரா என்னைச் சுற்றக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாத்திரம் செய்கிற மாதிரி இருக்கும். வட்டுவாகல் கற்கள் அடுத்த தடவை முழுசாக வந்தன.

வைகாசியில் சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தொடங்கியது. ட்ரைபொட்டின் உண்மைக் குணம் அப்போதுதான் தெரிந்தது. நான் வவுனியாவில் வாங்கியது ஒன்றரைக் கிலோ. குளக்கட்டுக் காற்றில் அது பட்டம் விடுகிறது. நடுத்தண்டை உயர்த்தாமல், ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானை அதில் கட்டி, கான் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க விட்டேன். அந்தரத்தில் ஆடவிட்டால் கானே கமராவை ஆட்டும். ட்ரைபொட்டில் வைத்ததும் லென்ஸின் அதிர்வு தடுப்பை நிறுத்த வேண்டும், இதை மறந்து ஒரு காலைப் பொழுதையே கெடுத்திருக்கிறேன்.

அந்த நாட்களில்தான் ஒரு வயல்காரப் பெரியவர் சைக்கிளை நிறுத்தினார். “என்ன தம்பி, காணி அளக்கிறியளோ?” குரலில் சிரிப்பில்லை. மூன்று கால் கருவியோடு ஒருவன் நின்றால் இங்கே முதலில் வருகிற நினைப்பு அதுதான், அதற்கு நியாயமும் உண்டு. “இல்லை ஐயா, படம் எடுக்கிறன்.” “ஆருக்கு?” “சும்மா, எனக்குத்தான்.” நம்பியதாகத் தெரியவில்லை. எடுத்ததைக் காட்டிய பிறகுதான் சைக்கிளில் ஏறினார். இப்போதெல்லாம் யாராவது பக்கத்தில் நின்றால் ட்ரைபொட்டை விரிக்க முதலே கதைத்துவிடுகிறேன்.

மட்டம் பார்ப்பதில்தான் அதிக காலம் போனது. ட்ரைபொட்டின் மேலுள்ள பந்துத் தலையைச் சரித்துக் கமராவை நேராக்கினேன், முதல் படம் நேராக வந்தது. நான்காவது சரிந்தது. தலை நேராக இருந்தாலும், சுழல்கிற அடித்தட்டு கால்களோடு சேர்ந்து சரிந்தே நிற்கிறது, அதனால் சுழலச் சுழலக் கமராவும் சாய்கிறது. நேராக இருக்க வேண்டியது அச்சு. கால்களைக் கூட்டிக் குறைத்து அடித்தட்டை முதலில் மட்டமாக்க வேண்டும், கமராவை அதற்குப் பிறகு பார்க்கலாம். குளக்கட்டின் சரிவில் இது பத்து நிமிட வேலை. கடைசியில் காலுக்கும் தலைக்கும் நடுவில் பூட்டுகிற லெவலிங் பேஸ் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். உள்ளே குமிழி, மூன்று திருகு. இந்த வருடம் காசு கொடுத்து வாங்கியதில் முழுப் பெறுமதி தந்தது இதுதான்.

லென்ஸின் முன்னால் பூட்டுகிற போலரைசர் என்ற வடிகட்டியையும் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரி: அகலப்படத்துக்கு வேண்டாம். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள வானத்தைத்தான் அது ஆழமாக இருட்டாக்கும். காலையில் கிழக்கே சூரியன் நிற்க, தெற்கு வானத்தின் நடுவில் கருநீலத்தில் ஒரு தூண் எழும்பி நின்றது. மழை வரப்போகிறதா என்று வீட்டில் கேட்டார்கள்.

கமராவின் தானியங்கி எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டும். மனுவல், துவாரம் எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, நிறத்துக்கான வெள்ளைச் சமநிலை வெயிலில், கோப்பு கமரா பதனிடாத ரோ. 24இல் எஃப் 8 வைத்து நான்கு மீட்டரில் போகஸ் செய்தால் இரண்டு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக வரும், பிறகு வளையத்தைத் தொடாதே. ஒளியை அளப்பது மிகப் பிரகாசமான பக்கத்தில். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் இல்லை, தென்கிழக்கில் எழும்பும். அதாவது தண்ணீரைப் பார்த்து நின்றால் படத்துக்குள்ளேயே வந்து நிற்கும். ஆகவே உதயத்துக்குக் கொஞ்சம் முன்னால், அல்லது சூரியன் நன்றாக ஏறிய பிறகு.

படங்களை ஒட்டுவதற்கு ஹகின் என்ற மென்பொருள். இலவசம், மெதுவானது, என் பழைய மடிக்கணினியில் ஓடுகிறது. அது இரண்டு படங்களுக்கும் பொதுவான புள்ளிகளைத் தேடும்போது அலையிலும் முகிலிலும் கைவைக்கும். அலை அடுத்த படத்தில் அங்கே இருக்காதே. முகில் புள்ளிகளைக் களைய அதிலேயே வசதி உண்டு, தண்ணீரில் உள்ளதைக் கையால் அழிக்கிறேன். கரையிலும் மரங்களிலும் உள்ளதை மட்டும் விட்டால் ஒட்டு உட்காருகிறது. பாதிக் கொக்கு வந்தால் மாஸ்க் போட்டு அந்த இடத்தை மறைக்கிறேன். ஒருமுறை மாட்டுக்கு எட்டுக் கால் வந்ததை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒன்றைத் திருத்த முடியவில்லை. கட்டின் நடுவில் நின்று 180 பாகை எடுத்தால், நேரான கட்டு வில்லாக வளைந்து வருகிறது. உருளைவடிவில் விரிக்கும்போது அடிவானம் நேராக நிற்கும், அதற்குக் கீழே கிட்ட உள்ள நேர்கோடெல்லாம் வளையும். நேர்கோட்டை நேராகவே காட்டும் முறை ஹகினில் உண்டு, ஆனால் 120 பாகையைத் தாண்டினால் ஓரங்கள் இழுபட்டு மரமெல்லாம் மதில் ஆகும். ஆகவே தண்ணீர் நிற்கும் அலைகரைப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கி, கட்டு படத்தில் விழாத இடத்தில் நிற்கப் பழகினேன்.

இந்த மார்கழியில், வாடை அடங்கிய ஒரு விடியலில், ஏழு படம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஒட்டியபோது 19,200 பிக்சல் அகலம், ஓரம் வெட்டி 4,800 உயரம். ஆறு அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் அச்சடித்துப் பலகையில் ஒட்டுவித்தேன். அங்குலத்துக்கு 266 பிக்சலுக்கு மேல் வருகிறது, மூக்கை வைத்துப் பார்த்தாலும் எதிர்க்கரை மரம் மரமாகத் தெரியும். படத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். கோடு நூலோடு நின்றது.

மாமா வீட்டு விறாந்தையில் மாட்டினோம். அவருக்குக் குளத்துக்குக் கீழே வயல். அந்தத்திலிருந்து அந்தம் வரை நடந்து பார்த்தார், திரும்பவும் நடந்தார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா உது தண்ணி நிக்கிற பக்கம். தண்ணி பாயிற பக்கம் எங்க?”

வருடம் முழுக்க வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். 24 பாகைக்கு ஒன்றாக 360க்கு 15 படம். கட்டின் மேலே ஏறத்தான் வேண்டும், அது வளையட்டும். தை கடைசியில் நெல் அருவி வெட்டுத் தொடங்கிவிடும். அதற்குள் என் நிழலை எந்தப் படத்தில் ஒளிப்பது என்று பார்க்க வேண்டும்.