புகை வந்த இடம்தான் ஊர்

காலையில் தெருவோரம் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். புல்லோடு பெயர்த்துப் போட்ட ஒரு மண்கட்டி, காலால் தட்டியும் உதிரவில்லை. உள்ளே முழுக்க வேர்.

அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளியில் ஒரு காலத்தில் இதுதான் செங்கல்.

1877-இல் கென்டக்கியிலிருந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் நிக்கோடீமஸ் என்ற ஊருக்கு வந்தார்கள். விளம்பரத்தில் ஊர் இருந்தது, தரையில் இல்லை. வெட்ட மரமும் அதிகம் கிடையாது.

முதல் குளிருக்கு மேட்டுச் சரிவைக் குடைந்து வளை மாதிரி வீடு. 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று கேட்டார். தரையிலிருந்து கிளம்பிய புகையைக் கணவர் காட்டினாராம். வில்லியானா அழுதுவிட்டார்.

அப்புறம்தான் புல்கட்டி வீடு. மண் ஈரமாக இருக்கும்போதே வெட்டணும். காய்ந்தால் நொறுங்கிவிடும். சுமார் ஒரு அடி அகலம், நான்கு அங்குலக் கனம். புல் பக்கம் கீழே இருக்கும்படி, செங்கல் மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கணும். சில வரிசைக்கு ஒருமுறை குறுக்கே போட்டால்தான் சுவர் பிளக்காது.

ஜன்னல் சட்டத்துக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுக் கந்தல் துணி திணிப்பார்கள். சுவர் தன் பாரத்திலேயே அமுங்கும். இடம் விடாவிட்டால் கண்ணாடி உடையும்.

கூரைதான் தொல்லை. மழை விட்ட பிறகும் உள்ளே சேறு சொட்டும்.

அதையெல்லாம் தாங்கிய ஊரை 1888-இல் ரயில் பாதை ஒதுக்கிப் போனது. கடைக்காரர்கள் தண்டவாளத்தைத் தேடிப் பக்கத்து போக் ஊருக்குக் கிளம்பினார்கள். சிலர் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு.