கபான் பாதர் கல்லறையும் பில்சன் ஆலயமும்

அப்பா படுத்த படுக்கையாகி எட்டு மாதம். துணி மாற்றி, கழுவி, துடைத்துவிடும் வேலையெல்லாம் என்னுடையது, பல நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்திருக்கிறேன். அந்த மனபாரத்தோடுதான் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்குப் போனபோது எமில் கபான் பாதரைத் தேடிப் போனேன்.

முதலில் விச்சிட்டா பேராலயத்தில் அவருடைய கல்லறை. முழந்தாளிட்டு ஒரு ஜெபமாலை சொன்னேன். கொரியப் போரில் ராணுவத்தோடு போன குருவானவர் அவர், ஜீப்பின் முன்பக்கத்தையே பீடமாக்கி அவர் திருப்பலி நிறைவேற்றும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1950 நவம்பரில் வட கொரியாவின் உன்சானில் படை சுற்றி வளைக்கப்பட்டபோது தப்பிப் போக வழி இருந்தும் காயம்பட்டவர்களை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கி, அவர்களோடு கைதியானார். கீழே கிடந்த ஒரு சிப்பாயைச் சுட எதிரி துப்பாக்கியை நீட்டியபோது, இவர் நேரே நடந்து போய் அந்தத் துப்பாக்கியைத் தள்ளிவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

யாலு நதிக்கரையில் பியோக்டாங் சிறைமுகாம். அங்கே அவர் செய்ததைப் படித்தபோதுதான் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. தகரத்தைத் தட்டி நெளித்துப் பாத்திரமாக்கித் தண்ணீர் கொதிக்க வைத்தார், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்வன் புனித திஸ்மாசிடம் வேண்டிக்கொண்டு போய் உணவு திருடி வந்து பகிர்ந்தார், வயிற்றுப்போக்கில் எழ முடியாமல் கிடந்தவர்களின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். இது எதுவும் பீடத்தில் நின்று செய்கிற ஊழியம் இல்லை, ஆனால் எனக்கு அதுவும் திருப்பலியாகத்தான் தெரிகிறது. 1951 மே 23 அன்று இறந்தார், வயது 35. உடல் எது என்று தெரியாமல் ஹவாயில் அடையாளம் தெரியாத வீரர்களோடு பல்லாண்டுகள் கிடந்து, 2021-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தது.

மறுநாள் பில்சன். அவர் பிறந்த ஊர், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் சின்னக் கிராமம், சுற்றிலும் வயல். விச்சிட்டாவிலிருந்து இங்கே சுமார் 60 மைல் ஒவ்வொரு ஆண்டும் ஜூனில் நடந்தே வருகிறார்கள். நான் காரில்தான் போனேன். அவர் பூசை உதவி செய்த, பிறகு குருவாகவும் பணிசெய்த அதே புனித ஜான் நெபோமுக் ஆலயம். வெளியே வெண்கலச் சிலை: காயம்பட்ட சிப்பாயைத் தோளோடு அணைத்து நடத்திக் கூட்டிவருகிறார் பாதர்.

அப்பா குணமாக வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். அங்கே நின்றபோது வாயில் வந்தது வேறு. முகம் சுளிக்காமல் அவரைத் தொட எனக்குக் கற்றுக்கொடுங்கள் பாதர் என்றேன், அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்.

திரும்பி வந்த அன்று இரவே அப்பாவுக்கு வெந்நீர் வைத்தேன்.