ஜாக் பொருந்தினால் போதாது: மூன்று சின்த் பெட்டிகளை இணைத்த நாட்குறிப்பு

28 ஜூன் 2025

ஆகஸ்ட் நடுவில் நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் சின்னதாக ஒரு கச்சேரி. என்னிடம் இருப்பது யூரோராக், அதாவது சிறு சிறு மாட்யூல்களை ஒரு பெட்டியில் மாட்டி வயரால் இணைத்து வாசிக்கும் சின்த் (மின்னணு இசைக்கருவி). பெங்களூரிலிருந்து வரும் நண்பர், புக்லா 200 என்ற இன்னொரு சின்த் வகையில் தானே கட்டிய பெட்டியைக் கொண்டுவருகிறார். அடையாறு அக்காவிடம் கோர்க் எம்எஸ்-20 மினி என்ற சின்த். இது போக ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு கணினிப் பலகையை வைத்து நான் செய்த ஒரு தாளக் கருவியும் உண்டு. ஆளுக்கொன்றாக வாசித்து ஒரே மிக்சரில் கலந்துவிடுவது என்றால் யோசிக்கவே தேவையில்லை. ஆனால் ஒருவருடைய பெட்டி இன்னொருவருடைய பெட்டியை ஓட்ட வேண்டும், என் சீக்வென்சர் (சுரங்களை வரிசையாக அனுப்பும் பகுதி) சொல்ல அவருடைய ஆசிலேட்டர் (ஒலியை எழுப்பும் பகுதி) பாட வேண்டும் என்பதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஆசை, அதனால்தான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்குகிறேன்.

இப்படி வேறு வேறு வகைகளை இணைப்பது பற்றிய இணைய விவாதங்களில் "எரிந்துவிடும்" என்ற பயம்தான் அதிகம். எனக்கு அது பாதி உண்மை என்றே படுகிறது. சுருதி அளவு மாறினால் ஒன்றும் எரியாது, அபஸ்வரம் மட்டும்தான் வரும். எரிவது வேறு இடங்களில்: பவர் கேபிள், கிரவுண்டு, 3.3 வோல்ட் டிஜிட்டல் சிப், அணைந்து கிடக்கும் பெட்டிக்குள் போகும் சிக்னல். இந்த இரண்டு வகையையும் பிரித்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

1 ஜூலை

முதலில் எரியாத வகை. இந்தப் பெட்டிகளில் எந்தச் சுரம் என்பதைச் சொல்வது வோல்ட்தான். யூரோராக், மோக் (இன்னொரு சின்த் வகை) எல்லாம் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். புக்லா 200-இல் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட், அதாவது ஒரு அரைச் சுரத்துக்கு சரியாக 0.1 வோல்ட், கணக்குப் போட வசதியான எண். யூரோராக்கில் அதே அரைச் சுரம் 83.3 மில்லிவோல்ட்.

நேராக இணைத்தால் என்ன கேட்கும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டையில் ஸட்ஜம் வைத்து என் சீக்வென்சரிலிருந்து 1 வோல்ட் ஏற்றினால் புக்லா பக்கம் 10 அரைச் சுரம்தான் ஏறும். நாம் மேல் ஸட்ஜம் கேட்டோம், வருவது கைசிகி நிஷாதம். பஞ்சமம் கேட்டால் பிரதி மத்யமத்துக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும். மறுதிசையில் புக்லாவின் 1.2 வோல்ட் என் ஆசிலேட்டருக்கு வந்தால் 14.4 அரைச் சுரம், மேல் ஸ்தாயியில் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில். இதையே விரும்பி ஒரு இசையாகச் செய்பவர்கள் செய்யலாம், நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எங்களோடு ஒருவர் வீணை வாசிக்கிறார், பக்கத்தில் தம்புரா ஓடும்.

கோர்க் எம்எஸ்-20 கதை வேறு. அதில் வோல்ட்டும் அதிர்வெண்ணும் நேர் விகிதம்: 1 வோல்ட், 2, 4, 8 என்று இரட்டிப்பானால்தான் ஒவ்வொரு ஸ்தாயி. என் சீக்வென்சரில் 2, 3, 4, 5, 6 என்று ஸ்தாயி ஸ்தாயியாக ஏற்றினால் அதில் ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம், அந்தர காந்தாரம், மறுபடி பஞ்சமம் வரும். தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாகக் கேட்கும் காந்தாரம் இருக்கிறதே, அதே வரிசைதான். இதைக் கண்டதும் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "அப்படின்னா அதை மாத்தாதே, ஒரு பாட்டுக்கு அப்படியே வெச்சுக்கலாம்" என்றார். சரி, ஒரு பாட்டுக்கு அப்படியே. மற்றதற்குக் கோர்க்கின் எஸ்க்யூ-1 சீக்வென்சரை வைத்துக்கொள்கிறோம், அது இரண்டு அளவிலும் கொடுக்கும்.

5 ஜூலை

ரிச்சி தெரு. சனிக்கிழமைக் கூட்டம், இரண்டு பைக்குகளுக்கு நடுவில் ஆள் நுழைய இடமில்லை. வாங்கியவை: டிஎல் 072 ஆப்-ஆம்ப் (வோல்ட்டைப் பெருக்கும் சிப்), ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், பல சுற்று டிரிம்பாட் (திருகித் திருத்தும் ரெசிஸ்டர்), பிசி 547 டிரான்சிஸ்டர், 1என் 4148 டயோடு, பனானா சாக்கெட். குறைந்த வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப்பான எம்சிபி 6002 மட்டும் மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. ரெசிஸ்டர் கேட்டபோது கடை அண்ணன் "தம்பி, ஃபைவ் பர்சன்ட் போதுமே, ரேட் கம்மி" என்றார். சுருதி போகும் பாதையில் போதாது, அண்ணே. அளவில் 1 சதவீதம் பிசகினாலே ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), ஐந்து ஸ்தாயி போனால் 60 சென்ட், அரைச் சுரத்தில் பாதிக்கு மேல். அதனால்தான் டிரிம்பாட்டும்.

6 ஜூலை

ஒரு வகையின் வோல்ட்டை இன்னொன்றின் அளவுக்குக் கொண்டுவரும் மாற்றி பெட்டி தயார். 1-லிருந்து 1.2-க்குப் போக, ஆப்-ஆம்ப்பில் 100 கே (கிலோ ஓம்), 20 கே ரெசிஸ்டர்கள் போட்டால் பெருக்கம் 1.2. அந்த 20 கே இடத்தில் 18 கே ரெசிஸ்டரும் 5 கே டிரிம்பாட்டும். எதிர்த்திசைக்கு அதே ஜோடியை வோல்ட்டைக் குறைக்கும் வகுப்பியாகப் போட்டு, அதன் பின்னால் ஒரு பஃபர். பஃபர் இல்லாமல் நேரே விட்டால் அடுத்த பெட்டியின் உள்ளீடே வகுப்பியை இழுத்துக் கணக்கை மாற்றிவிடும். யூரோராக்குக்குள்ளேயே இந்தச் சங்கதி உண்டு: வெளியீட்டில் 1 கே, உள்ளீட்டில் 100 கே என்றால் கிட்டத்தட்ட 1 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. ஒரே சுருதி வோல்ட்டை இரண்டு மூன்று ஆசிலேட்டர்களுக்குச் சும்மா பிரித்துக் கொடுத்தால் சுருதி இறங்குவது அதனால்தான்.

13 ஜூலை

இன்று டிரிகர், அதாவது சுரத்தைத் தொடங்கச் சொல்லும் சிக்னல். எம்எஸ்-20-க்கு வேண்டியது எஸ்-டிரிகர்: வோல்ட் கொடுப்பதல்ல, அந்த ஊசியைக் கிரவுண்டோடு இணைப்பது. பழைய மோக் பெட்டிகளும் இப்படித்தான். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அமைத்த மின்னணு இசைக்கூடத்தில் இருந்தது ஒரு மோக். இசைக்கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டவர்கள் அதில்தான் வேலை செய்தார்கள். நம் நாட்டில் இந்த வயர்களுக்கு அவ்வளவு வயதாகிறது என்பது எனக்குப் பெரிய உற்சாகம்.

யூரோராக்கின் 5 வோல்ட் கேட்டை (சுரம் ஒலிக்கும் வரை நிற்கும் வோல்ட்) நேரே அதில் சொருகக் கூடாது. நடுவில் ஒரு பிசி 547: கேட் 22 கே வழியாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் எம்எஸ்-20-இன் டிரிகர் உள்ளீட்டுக்கு. தட்டையான முகம் நம்மைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வெளிநாட்டு வரைபடங்களில் வரும் 2என் 3904-இல் இந்த வரிசை தலைகீழ், அதைப் பார்த்து அப்படியே பற்றவைத்துவிடாதீர்கள். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1என் 4148 தலைகீழாகப் போட்டேன், ஏனென்றால் யாராவது கேட்டுக்குப் பதிலாக எல்எஃப்ஓ என்ற, மெதுவாக ஏறி இறங்கும் அலையைச் சொருகினால் மைனஸ் வோல்ட் வரும், பேஸ்-எமிட்டர் சந்தி தலைகீழாகத் தாங்குவது 6 வோல்ட்தான்.

புக்லாவின் துடிப்பு இன்னொரு மாதிரி: தொடக்கத்தில் ஒரு உயரம், பிடித்திருக்கும் வரை அதில் ஏறக்குறைய பாதி. நம் 5 வோல்ட் கேட் போனால் சில மாட்யூல்களுக்குத் தொடக்கமே உறைக்காது. ஆப்-ஆம்ப்பில் இருமடங்காக்கிக் கொடுக்கிறேன்.

20 ஜூலை

எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு இதுதான். கிரவுண்டு.

3.5 மி.மீ. கேபிளில் சிக்னலும் கிரவுண்டும் சேர்ந்து போகும். புக்லா பக்கத்துப் பனானா கேபிளில் போவது சிக்னல் மட்டும். ஒரே பெட்டிக்குள் அது போதும், கிரவுண்டு உள்ளே பொது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் பனானா மட்டும் போட்டால் மின்சாரம் திரும்பிவர வழியே இல்லை. சுருதி அலையும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும், பலர் மாற்றியைச் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பார்ப்பார்கள்.

நம் ஊரில் இதற்கு மேல் ஒன்றும் இருக்கிறது. இரண்டு பின் எஸ்எம்பிஎஸ் அடாப்டரில் ஓடும் பெட்டியின் கிரவுண்டு மிதந்துகொண்டிருக்கும். இரண்டு பெட்டிகளின் கிரவுண்டுகளுக்கு நடுவே மீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்தேன், 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. லேப்டாப் உடம்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்குமே, அதேதான். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாகக் கசிவது, அதனால் ஆளுக்கு ஆபத்தான அளவு கரண்ட் இல்லை. ஆனால் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் தொடும் கேபிள் சிக்னல் ஊசியாக இருந்தால் அந்த வோல்ட் முழுக்க ஒரு சிப்பின் வழியாகத்தான் இறங்கும்.

அதனால் எங்கள் முறை: எல்லாம் அணைந்திருக்கும்போதே பெட்டிக்குப் பெட்டி தடித்த கறுப்பு வயர் ஒன்று, கிரவுண்டுக்குக் கிரவுண்டு. அப்புறம் சிக்னல் கேபிள்கள். அப்புறம் பவர். கழற்றும்போது நேர் எதிர் வரிசை, கறுப்பு வயர் கடைசி. மூன்று பின் பவர் உள்ள பெட்டிக்கு எர்த் உண்மையில் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தாகிவிட்டது, பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பதுண்டு.

27 ஜூலை

நண்பரின் பெட்டி உள்ளே ஓடுவது பிளஸ், மைனஸ் 15 வோல்ட்டில். என்னுடையது 12. பவர் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே கூடாது, ஒரே ஒரு மாட்யூலைக் கடன் வாங்கி என் பெட்டியில் மாட்டிப்பார்க்கலாம் என்ற பேச்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிக்னல் விஷயத்தில் பயமில்லை: அவர் பக்கம் 13 வோல்ட் வரை வந்தாலும் என் உள்ளீட்டின் 100 கே வழியாகப் போவது 130 மைக்ரோ ஆம்பியர் சுமார்தான்.

பிக்கோதான் நிஜமான பலவீனம். அதன் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் ஏற்காது. கேட் வரும் இடத்தில் அதே பிசி 547, கலெக்டரில் 10 கே வழியாக 3.3 வோல்ட். துடிப்பு தலைகீழாகும், புரோகிராமில் திருப்பிக்கொள்ளலாம். மாறும் வோல்ட்டைப் படிக்க வேண்டிய இடத்தில் எம்சிபி 6002-ஐ அதே 3.3 வோல்ட்டில் ஓட்டி, முன்னால் பெரிய ரெசிஸ்டர் போட்டு, அளவைக் குறைத்து விடுகிறேன். உள்ளே என்ன வந்தாலும் அந்தச் சிப்பால் 3.3-க்கு மேல் வெளியே கொடுக்க முடியாது. டயோடு கட்டிக் காப்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

3 ஆகஸ்ட்

மாடியில் ஒத்திகை. நடுவில் கரண்ட் போனது. அந்த வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் சில பிளக் பாயிண்டுகளுக்கு மட்டும். என் பெட்டி ஓடுகிறது, நண்பருடையது அணைந்துவிட்டது, என் கேபிள்கள் அதற்குள் வோல்ட் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பவர் இல்லாத ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டில் 5 வோல்ட் போனால் அது சிப்பின் உட்பாதை வழியாகப் பவர் ரெயிலுக்கே ஏறப் பார்க்கும். மாற்றி பெட்டியின் எல்லா வெளியீடுகளிலும் 1 கே இருப்பதால் சில மில்லி ஆம்பியரோடு நின்றது, எதுவும் கெடவில்லை. இருந்தாலும் இனி எல்லாப் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அது இன்வெர்ட்டர் பாயிண்டில்.

மிக்சருக்கு: யூரோராக் ஒலி 10 வோல்ட் உச்சிக்கு உச்சி, வீட்டு ஆடியோ கருவிகளின் லைன் அளவு 0.9 வோல்ட் சுமார். 10 கே, 1 கே வகுப்பி போட்டால் கிட்டத்தட்ட சரியாக அங்கே வந்து நிற்கிறது. மைக்குக்கு மிக்சர் அனுப்பும் பேண்டம் பவர் அணைத்தாகிவிட்டதா என்று மிக்சர் பார்ப்பவரிடம் நேரில் கேட்டேன், 48 வோல்ட் நம் வெளியீட்டுக்குள் திரும்பி வரத் தேவையில்லை.

17 ஆகஸ்ட்

நேற்று கச்சேரி. மூன்று பெட்டியும் ஒரே கடிகாரத்தில் ஓடின. அக்காவின் அந்தக் காந்தார வரிசை தம்புராவோடு சேர்ந்து நின்றபோது வீணைக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மாடியில் வெக்கை. இரண்டாவது பாட்டுக்குள் நண்பரின் ஆசிலேட்டர் கொஞ்சம் ஏறிவிட்டது, அது மாற்றியால் அல்ல, ஆசிலேட்டரின் சூட்டால். அடுத்த முறை வாசிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் போட்டுச் சூடாக விட்டு, மாடியிலேயே டிரிம்பாட்டைத் திருப்ப வேண்டும், ஏசி அறையில் செய்த சுருதி அங்கே செல்லாது. மாற்றி பெட்டியை நண்பர் பெங்களூருக்கு எடுத்துப் போயிருக்கிறார். எனக்கு இன்னொன்று கட்ட வேண்டும், 20 கே-க்கு இந்த முறை சூட்டுக்கு அசையாத ரெசிஸ்டராகத் தேட வேண்டும்.