பென்சில் கோடுகள்

இன்று பழைய பெட்டியில் கிடைத்த ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ் (புகைப்படச் சுருள்) ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாட்டியின் கண்களுக்குக் கீழே மயிரிழை போன்ற பென்சில் கோடுகள்.

சற்று நேரம் கையை இறக்கவே தோன்றவில்லை.

சுருக்கங்களின் நிழல் நெகட்டிவில் தெளிந்த பகுதியாக இருக்கும். கூராகச் சீவிய பென்சிலால் அங்கே மெல்ல அடர்த்தி ஏற்றினால், அச்சிடும்போது ஒளி குறைவாக ஊடுருவி, தாளில் அந்தச் சுருக்கம் வெளுத்து மறையும். கருமையைப் பூசி வெண்மையைப் பெறும் இந்தத் தலைகீழ்க் கணக்கை, கட்டைவிரல் நகமளவு முகத்தில் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிச் செய்திருக்கிறார்.

படத்தை அச்சிடும் இருட்டறையிலும் இதே பொறுமைதான் வேண்டும். கம்பியில் ஒட்டிய சிறு அட்டையைத் தாளில் விழும் ஒளிக்குக் குறுக்கே அசைத்தால் அவ்விடம் வெளிறும். துளையிட்ட அட்டை வழியே கூடுதல் ஒளி விட்டால் கறுக்கும். கை அசையாமல் நின்றால் அட்டையின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

1850-களின் புகைப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக வினையாற்றியதால் வானம் வெறுமையாக வெளுத்துப்போனது. எனவே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்றும் மேகத்துக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார். 1857-இல் இன்னொரு புகைப்படக் கலைஞரான ஆஸ்கார் ரெய்லாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒரே படமாக்கினார்.

சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கு அருகில் நின்றவர்களைப் படங்களிலிருந்து அழித்ததும் இத்தகைய கைத்திறனே என்பதை நினைக்கும்போது மனம் கசக்கிறது.

பிறகு அச்சிட்ட படத்தையும் தேடி எடுத்தேன். அதில் பாட்டி சுருக்கமேயின்றிச் சிரிக்கிறார். நான் தொட்டு வளர்ந்த சுருக்கங்கள், நெகட்டிவில், அந்தப் பென்சில் கோடுகளுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன.