முப்பது சுற்றுக்கு ஏழு: குன்னூரில் ஒரு ஸ்பிட்ஃபயர் கியர் பாக்ஸ்

நான்காவது கியரில் சத்தமே இல்லை. மூன்றுக்கு இறக்கினால் ஊளையிடும், இரண்டில் அரைக்கும், ஒன்றில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மாமாவின் 1964 ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் என் கைக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். போன மார்கழியில் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டாம் கியர் தானாக நழுவி நியூட்ரலில் விழுந்தது. பின்னால் ஒரு பஸ். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, மறுபடி கியர் போட்டு, மீதி மலையை லீவரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஏறினேன். இனி கழற்றாமல் ஓட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் பழைய வண்டி பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு என்னைக் கிளட்சை மிதிக்கச் சொன்னார். சத்தம் நின்றது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது. "தம்பி, நாலாவதுல சத்தம் இல்லைன்னு சொன்னீங்கல்ல? லே ஷாஃப்ட்தான்" என்றார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியைத் திறக்காமலே பாதி நோயைக் கண்டுபிடிக்க இந்த ஒரு விஷயம் போதும். நான்காவது கியரில் இன்ஜினிலிருந்து வரும் தண்டும் பின்னால் போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. அவற்றுக்குக் கீழே இணையாக இருக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்ட்மேல் உள்ள பல்லெல்லாம் சும்மா சுற்றுமே தவிர சுமை ஏதும் தாங்காது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாமே லே ஷாஃப்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் நான்கு அமைதியாக இருந்து மற்ற மூன்றும் கத்தினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தண்டையும் அதைச் சுற்றியிருக்கும் நீடில் ரோலர்கள் என்ற ஊசிபோன்ற சிறு உருளைகளையும்தான்.

ஸ்பிட்ஃபயரில் கியர் பாக்ஸ் வண்டிக்கு அடியிலிருந்து இறங்காது, உட்காரும் இடத்தின் வழியாகத்தான் மேலே வரும். இரண்டு சீட், தரை விரிப்பு, டாஷ்போர்டைத் தாங்கும் பிராக்கெட், நடுவில் இருக்கும் அட்டை மூடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பெட்டி கண்ணெதிரே கிடக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நான்கு போல்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பெல் ஹவுசிங் நட்டுகள். இன்ஜினின் பின்பக்கம் தொங்கிவிடாமல் ஆயில் பேனுக்கு அடியில் ஒரு சில்வர் ஓக் கட்டையும் ஜாக்கியும் வைத்தோம். பெட்டியைப் பின்னால் இழுத்து, நிமிர்த்தி, இடது பக்கக் கதவு வழியாக இருவரும் தூக்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

பாகங்களை அன்று இரவே இங்கிலாந்திலிருந்து வரவழைக்க நினைத்திருந்தேன். வண்டியின் தகட்டில் எண் எஃப்.சி. என்று தொடங்குகிறது, ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் பெட்டியில் எண் அடித்திருக்க வேண்டிய இடத்தைத் துரு தின்றிருந்தது. பாய் தடுத்தார். "வண்டிக்குத்தான் தகடு. பெட்டி என்னன்னு பெட்டியைத்தான் கேக்கணும்."

கேட்பது எப்படி? கியர் விகிதத்தை வைத்துத்தான். ஸ்பிட்ஃபயரின் முதல் கியர் 3.75, அதாவது இன்ஜின் பக்கம் 3.75 சுற்று சுற்றினால் பின்பக்கம் ஒரு சுற்று. பெட்டியை மேசைமேல் வைத்து, முன் தண்டிலும் பின் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டு, முதல் கியரில் போட்டோம். பாய் முன்னால் சுற்றினார், நான் பின்னால் எண்ணினேன். 30 சுற்றுக்கு எட்டு வர வேண்டும். ஏழுதான் வந்தது. எண்ணியதில் பிசகு என்று நினைத்து ஆளை மாற்றிக்கொண்டு மறுபடி எண்ணினோம். அப்போதும் ஏழு. இரண்டாம் கியரில் கிட்டத்தட்ட 14 வர வேண்டிய இடத்தில் 12க்குக் கொஞ்சம் மேல்.

30க்கு ஏழு என்றால் 4.28. இரண்டாவது 2.46. இந்த எண்கள் ட்ரயம்ஃப் ஹெரால்டின் 948 சிசி வண்டிக்கு உரியவை. அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் நம் சென்னையில் செய்தார்கள், வண்டலூர் தொழிற்சாலையில். ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலியரான மிக்கெலோட்டி. அடியில் இருக்கும் சேஸியும் பெட்டியும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றின் பெட்டி மற்றதில் உட்கார்ந்துவிடும்.

அந்த ஏழு என்ற எண்ணைக் கேட்டதும் பல வருடக் கேள்வி ஒன்று தீர்ந்தது. விகிதம் பெரிதென்றால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்ற வேண்டும். இந்த வண்டி முதல் கியரில் நகர்ந்த உடனே கத்த ஆரம்பித்துவிடும், இன்ஜின் சளைத்துவிட்டது என்று நினைத்து கார்புரேட்டரையே மூன்று முறை பிரித்திருக்கிறேன். மாமாவுக்கு போன் செய்தேன். "புதுப்பேட்டைலேர்ந்து லாரில ஒரு பெட்டி வந்துச்சுடா. எழுபத்தெட்டோ ஒன்பதோ. நான் அப்ப வால்பாறைல இருந்தேன், மாட்டும்போது நான் பாக்கலை" என்றார்.

அடுத்த வாரம் பிரித்தோம். லே ஷாஃப்ட்டை உருவியதும் நீடில் ரோலர்கள் கடுகு கொட்டியதுபோல் தட்டில் உதிர்ந்தன. சில பாதியாக உடைந்திருந்தன. தண்டின் முன்முனையில் கெட்டிப்படுத்திய மேல்தோல் ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிற இரும்பு சொரசொரப்பாகத் தெரிந்தது. நகத்தை ஓட்டினால் சிக்கியது. லே ஷாஃப்ட்டைச் சுற்றி ஓடும், எல்லாப் பற்சக்கரமும் ஒரே துண்டாக இருக்கும் கியர் கொத்தின் உள்துளையும் அதே பக்கம் தேய்ந்திருந்தது. ஆகவே தண்டு மட்டும் போதாது, கொத்தையே மாற்ற வேண்டும். ஸ்பிட்ஃபயர் கொத்து வந்திருந்தால் இதில் சேர்ந்திருக்காது.

ஹெரால்டு கொத்து சென்னையில் ஒரு பழைய பாகக் கடையின் பின் அலமாரியில் கிடைத்தது. மெழுகுத் தாள் சுற்றி, கிரீஸ் காய்ந்து, ஒருமுறைகூட ஓடாதது. 2,500 ரூபாய். தண்டைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகச் செய்தோம், ஈ.என். 36 இரும்பில் கடைந்து, மேல்தோலைக் கெட்டிப்படுத்தி, கிரைண்டிங் பிடித்து. பேரிங்குகள் அங்கேயே கிடைத்தன.

சேர்ப்பதில் கஷ்டமானது ரோலர் அடுக்குவதுதான். அவற்றைப் பிடித்து வைக்கக் கூடு எதுவும் கிடையாது, ஒவ்வொன்றாகக் கெட்டி கிரீஸில் ஒட்டி நிறுத்த வேண்டும். குன்னூர்க் குளிர் இதற்கு நல்ல துணை, கிரீஸ் இளகவே இல்லை. லே ஷாஃப்ட்டை விடக் கொஞ்சம் மெலிதாக, கொத்தின் நீளத்துக்கு ஒரு பொய்த் தண்டையும் கடைந்து வாங்கியிருந்தோம். அதைக் கொத்துக்குள் விட்டு ரோலர்களை அதைச் சுற்றி அடுக்கி, கொத்தோடு பெட்டிக்குள் இறக்கி, அசல் தண்டை ஒரு பக்கமிருந்து தள்ளினால் பொய்த் தண்டு மறுபக்கம் வெளியே வரும். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டபடியே நகர வேண்டும். நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டாலும் ரோலர் விழுந்துவிடும். முதல் தடவை விழுந்தது. இரண்டாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன், பாய் மறுபக்கம் உள்ளங்கையால் எதிர்அழுத்தம் கொடுத்தார்.

இரண்டாம் கியர் நழுவியதற்குக் காரணம் டாப் கவரில் இருந்தது. லீவர் நகர்த்தும் செலக்டர் கம்பியைப் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ரிங் உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளைக் கூம்பில் வைத்து அழுத்தித் திருப்பிப் பார்த்தோம். மூன்றும் நான்கும் கவ்விப் பிடித்தன, இரண்டாவது வழுக்கியது. அதை மட்டும் மாற்றினோம்.

ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், ஆனால் எதை ஊற்றுகிறோம் என்பது முக்கியம். கடையில் ஜி.எல். 5 தர ஆயிலை எடுத்துத் தருவார்கள். அதில் அதிகமாக இருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும். ஜி.எல். 4 என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பிட்ஃபயர் பெட்டியே தேடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் தேடப்போவதில்லை. 4.28 என்பது மலைக்கு ஏற்ற முதல் கியர், அதுவும் நாற்பது வருடத்துக்கு மேல் இந்த வண்டியோடு இந்த மலை ஏறிய பெட்டி.

போன ஞாயிறு விடியற்காலை பர்லியாறு வரை இறங்கி, திரும்ப ஏறினோம். மாமா பக்கத்தில். முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது என்பதால் நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகளில் டபுள் கிளட்ச் போட்டுத்தான் இறக்க வேண்டும்: கிளட்ச், நியூட்ரல், ஒரு ஆக்சிலரேட்டர், மறுபடி கிளட்ச், ஒன்று. சத்தமில்லாமல் விழுந்தது. இரண்டில் ஏறும்போது லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாமா மட்டும் ரொம்ப நேரம் லீவரையே பார்த்துக்கொண்டு வந்தார். காட்டேரி அருவி தெரியும் இடத்தில், "மூணுல போடு, கேக்கலாம்" என்றார். போட்டேன். காற்றுச் சத்தம்தான் கேட்டது.

இன்று காலை ஷெட் தரையில் ஒரு சொட்டு ஆயில் இருந்தது, பின்பக்க சீல் பக்கம். அதை வரும் ஞாயிறு பார்க்க வேண்டும்.