தாங்கும்னு சொல்லிட்டேன்

"இது தாங்குமா தம்பி?"ன்னு பாஸ்டர் கேட்டார், "தாங்கும் ஐயா"ன்னுட்டேன். எத்தனை நாளைக்குன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல. பழைய சர்ச்சை ஹாலாக்குற வேலை முடிஞ்சு திறந்தாச்சு, அந்த ஒத்த வார்த்தை மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது.

விஷயம் வடக்குச் சுவர் தான். போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு பேட்டன்ட் வாங்குனதே 1824ல, சர்ச்சு அதுக்கும் மூத்தது, முழுக்க சுண்ணாம்புக் காரை. நடுவுல யாரோ ரிப்பேருங்கிற பேர்ல அடியில இருந்து நாலடிக்கு சிமெண்ட் பூசி வெச்சிருந்தாங்க. சுண்ணாம்புப் பூச்சு கீழ இருந்து ஏறுற ஓதத்தை வெளிய விட்டுரும், சிமெண்ட் லேசுல விடாது, ஈரம் உள்ளுக்குள்ளயே ஏறி சிமெண்ட் முடியுற எடத்துக்கு மேல வந்து வெளிய வரும், அங்க தான் உப்பு பூத்து பழைய காரை மாவா கொட்டிட்டு இருந்துச்சு. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காய விட்டு, திரும்ப சுண்ணாம்புலயே பூசணும்னு என் ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேன்.

காய விடணும்ங்கிறது தான் சிக்கல். அவ்ளோ கனமான சுவர் காய மாசக்கணக்காகும், அப்புறம் சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து தான் மெதுவா இறுகும், விரட்டி வேலை வாங்க முடியாது. பசங்க சாயங்கால வகுப்பு அதுவரைக்கும் வராந்தாவுல. "சுவருக்காக ஊழியத்தை நிறுத்தணுமா?"ன்னு பாஸ்டர் கேட்டது கோவத்துல இல்ல, நெஜமாவே தெரியாம தான் கேட்டார். உதிர்றதை மட்டும் சுரண்டிட்டு சிமெண்டை இன்னும் ரெண்டடி ஏத்திரலாம்னு சொன்னது நான். அவர் கேக்கவே இல்ல, நானா சொன்னேன். பக்கத்துல நின்ன மேஸ்திரி என்னை ஒரு பார்வை பாத்தார், அவ்ளோதான். அவர் வாயைத் திறந்திருந்தா நான் மாத்தியிருப்பேனா? மாட்டேன். ஆனாலும் அப்பப்ப பழியில கொஞ்சம் அவர் தலையில போட்டுப் பாக்குறேன்.

யோசிச்சா அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. பெஞ்சை எல்லாம் எடுத்து ஹாலாக்குறதுக்கு கமிட்டியில சிலர் முனகுனப்ப, பழைய கட்டடங்களைப் பாதுகாக்குறதுக்கான சர்வதேச வழிகாட்டியான 1964 வெனிஸ் சாசனத்தோட 5வது பிரிவை எடுத்துச் சொன்னேன், பழைய கட்டடம் சமூகத்துக்குப் பயன்பட்டா அதைக் காப்பாத்துறது சுலபம்னு. எல்லாரும் அமைதியாயிட்டாங்க. அதே பிரிவுல அடுத்த வரி, அதுக்காக உள்ளமைப்பையும் அலங்காரத்தையும் மாத்தக் கூடாதுன்னு இருக்கு. அதை நான் சொல்லல.

ஆனா பூட்டிக் கிடந்தா சுவரு மட்டும் நல்லாவா இருந்திருக்கும்? இப்போ தினமும் ஆள் வருது, ஜன்னல் திறக்குது, கூரை ஒழுகுனா அன்னைக்கே யாராவது பாக்குறாங்க. இதெல்லாம் உண்மை தான், ஆனா நான் அந்த நேரத்துல இதை எல்லாம் நெனைச்சா "தாங்கும்"னேன்? கூட்டத்தை முடிச்சுட்டு கெளம்பணும்னு தான் இருந்துச்சு.

போன மாசம் எட்டிப் பாத்தேன். ஆறடிக்கு மேல வெள்ளையா ஒரு கோடு. பாஸ்டர் கிட்ட சொல்லணும். சொன்னா அந்த வேலையும் எனக்கே தான் வரும், காசுக்காக சொல்றான்னு நெனைப்பாரோன்னு ஒரு பக்கம் இருக்கு, சொல்லாம இருக்க நல்ல சாக்கு தானே இதுன்னு இன்னொரு பக்கம்.